நல்ல கிடாய் ஊரிலே தங்க வேண்டும்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



ஜாதி ஆடு வளர்ப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று இச்சங்கத்தின் காரியதரிசி அவர்கள் எனக்கு எழுதியிருந்தார். நான் கால்நடை வைத்தியன் அல்லன். கணக்குப் புஸ்தகம் பார்க்கிறவன். ஆட்டின் பேரில் கொடுத்த கடன் எந்த ஊரில் திரும்பி வந்தது, எந்த ஊரில் வராமல் நின்றுபோயிற்று என்பதைப் பல வருஷங்களாகப் பேரேடுகளில் பார்த்து வருகிறேன். அப்பேரேடுகளில் கண்டதும், பட்டிகளில் போய் நின்று பெரியவர்களிடம் கேட்டறிந்ததுமே இன்று நான் சொல்லப்போகிறவை. பிசகாகத் தோன்றுவதை நீங்கள் இடையிலேயே நிறுத்திச் சொல்லலாம்.

ஜாதி ஆடு என்றவுடன் நம்மவர் மனத்தில் எழும் உருவம் ஒன்று உண்டு. காது முழ நீளம் தொங்க வேண்டும். உயரம் கன்றுக்குட்டி அளவு இருக்க வேண்டும். தூரதேசத்திலிருந்து லாரியில் வந்து இறங்க வேண்டும். விலை கேட்டால் தலை சுற்ற வேண்டும். இப்படி இருந்தால்தான் ஜாதி ஆடு, நம் பட்டியில் நிற்பதெல்லாம் வெறும் நாட்டாடு என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரியன்று. மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர், பவானி பக்கங்களில் மேயும் வெளிர்ச் சிவப்பு நிறச் செம்மறி இருக்கிறதே, கிடாய்க்கும் பெட்டைக்கும் கொம்பில்லாதது, அது மேச்சேரி ஆடு என்று பெயர் பெற்ற தனி இனம். அதன் தோலுக்குத் தோல் பதனிடுவோரிடம் தனி மதிப்பு உண்டு. செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பக்கத்துச் சிவப்பாடு சென்னைச் சிவப்பு என்னும் இனம். ராமநாதபுரத்து வெள்ளை, விளாத்திகுளம் வட்டாரத்தில் பொட்டாடு என்று அழைக்கப்படும் வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு ஆகியவை வெவ்வேறு செம்மறி இனங்கள். வெள்ளாட்டில், முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு விழுந்த கன்னி ஆடும், நெடிது உயர்ந்த கொடி ஆடும், சேலம் கருப்பும் நம்முடையவையே. இவை ஒவ்வொன்றும் அந்தந்த மண்ணின் வெயிலையும் முள்ளையும் பஞ்சத்தையும் பல தலைமுறை தாங்கிப் பிழைத்து நிலைத்தவை. பொட்டனேரியில் 1978 முதல் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்து வருவதை இவ்வட்டாரத்தார் அறிவீர்கள். ஜாதி இல்லாத ஆட்டுக்கு யாரும் ஆராய்ச்சி நிலையம் வைக்கமாட்டார்கள்.

அப்படியானால் நம் ஆடுகள் ஏன் வரவரச் சிறுத்துப்போகின்றன என்று நீங்கள் கேட்பது நியாயமே. "எங்கள் அப்பா காலத்துக் கிடாய் இப்படியா இருந்தது?" என்று சொல்லாத கீதாரியை நான் பார்த்ததில்லை. மேய்ச்சல் குறைந்தது ஒரு காரணம். புறம்போக்கு எல்லாம் வீடும் வேலியும் ஆகிவிட்டன. ஆனால் இன்னொரு காரணம் நம் கையாலேயே நடந்து வருகிறது. அதைக் குறித்தே நான் இன்று விஸ்தாரமாகப் பேச விரும்புகிறேன்.

ஒரு பட்டியில் ஒரே மாதத்தில் பத்துக் கிடாய்க்குட்டிகள் பிறந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அவற்றுள் இரண்டு மற்றவற்றைவிடத் தலை உயர்ந்து, முதுகு அகன்று, நெஞ்சு பரந்து நிற்கும். வியாபாரி வருகிறார். அவர் கண் முதலில் எதன்மேல் விழும்? அந்த இரண்டின்மேல்தான். துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசி, கையில் ரொக்கத்தை வைத்து, அவற்றை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். அடுத்த முறை வந்து மூன்றாவது நான்காவதைக் கொண்டுபோகிறார். ஆடி மாதத்துக் கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் கொழுத்தவையெல்லாம் போய்விடுகின்றன. கடைசியில், வியாபாரி வேண்டாமென்று தள்ளிய வற்றல் கிடாய் ஒன்று பட்டியில் மிஞ்சுகிறது. பெட்டைகள் பருவத்துக்கு வரும்போது அங்கே இருப்பது அதுதான். அதுவே மந்தைக்குத் தகப்பன் ஆகிவிடுகிறது.

நெல் விதைக்கும் குடியானவன் களத்தில் முதல் தூற்றலில் விழுந்த கனத்த மணியை விதைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை விற்பான். பதரை விதைக்கு வைத்துக்கொண்டு மணியை விற்பவனை ஊரார் என்ன சொல்வார்கள்? ஆட்டு விஷயத்தில் நாம் அதைத்தான் வருஷந்தோறும் செய்து வருகிறோம். ஒரு பெட்டை வருஷத்தில் ஈனுவது ஒன்றோ இரண்டோ குட்டிதான். ஒரு கிடாயோ முப்பது பெட்டைகளுக்குப் பிறக்கும் குட்டிகள் அத்தனைக்கும் பாதி உடம்பைக் கொடுக்கிறது.

இதில் குடியானவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. உபதேசம் செய்ய வருகிற உத்தியோகஸ்தர்கள் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் விதவையான ஓர் அம்மாள் அங்கத்தினர். சர்க்கார் 2011-ஆம் வருஷத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடு வீதம் விலையின்றிக் கொடுக்கத் தொடங்கினார்கள் அல்லவா? அப்படி வந்த ஆடுகளின் சந்ததியாக ஏழு பெட்டைகள் வைத்திருந்தார். அவற்றில் ஒன்று ஈன்ற கிடாய்க்குட்டி நான் அவ்வட்டாரத்தில் கண்ட குட்டிகளில் மிகச் சிறந்தது. "அம்மா, இதை விற்றுவிடாதீர்கள், பொலிகிடாயாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அந்த அம்மாள் சொன்ன பதில்: "ஐயா, வைத்துக்கொண்டால் ஊர் ஆட்டுக்கெல்லாம் நல்லது. என் பையனுக்குப் பள்ளிக்கூடத்துப் பணம் கட்ட ஊரார் வருவார்களா?"

நான் அன்று மாலை சங்க ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மாளின் பதில் கணக்குக்குச் சரியாக இருந்தது. அதை உங்கள் முன் வைக்கிறேன். விலைவாசி ஊருக்கு ஊர் வேறுபடும். கணக்கின் பொருட்டு உயிர் எடை கிலோ 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மந்தையில் ஆறு மாதக் கிடாய்க்குட்டியின் சராசரி எடை 14 கிலோ. நல்ல குட்டி 18 கிலோ; வற்றல் குட்டி 12 கிலோ. நல்ல குட்டிக்கு வியாபாரி தருவது 6,300 ரூபாய்.

இந்த நல்ல குட்டியைப் பொலிகிடாயாக வைத்தால் அதன் குட்டிகளும் 18 கிலோ வரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சராசரிக்கு மேற்பட்ட அந்த 4 கிலோவில் பெரும்பகுதி தாயின் பாலாலும் மழை பெய்த காலத்தில் பிறந்த அதிர்ஷ்டத்தாலும் வந்தது. ரத்தத்தோடு இறங்கக்கூடியது சுமார் கால்பங்கு, அதாவது ஒரு கிலோ. அதிலும் தகப்பன் கொடுப்பது பாதிதான். மறுபாதி தாயைப் பொறுத்தது. ஆகவே குட்டி ஒன்றுக்கு அரைக் கிலோதான் கூடும். வற்றல் கிடாயோ இதே கணக்கில் குட்டி ஒன்றுக்குக் கால் கிலோ குறைத்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் கிலோ. முக்கால் கிலோதானே என்று நினைக்காதீர்கள். முப்பது பெட்டைகளோடு இரண்டு வருஷம் விட்டால், சாவு போக 60 குட்டிகள் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். 60 குட்டிக்கு 45 கிலோ. விலை 15,750 ரூபாய். அன்றியும் அப்பெண்குட்டிகள் அடுத்த தலைமுறைக்குத் தாய் ஆகும்போது அந்த ஆதாயம் அவற்றோடு கூடவே வரும்.

செலவைப் பார்ப்போம். வாங்கிய விலை 6,300 ரூபாய். மேய்ச்சலுக்கு மேல் தினம் 200 கிராம் அடர்தீனி, கிலோ 30 ரூபாய் வீதம் நாள் ஒன்றுக்கு 6 ரூபாய். பருவம் வரக் காத்திருக்கும் காலமும் சேர்த்து 1,000 நாளுக்கு 6,000 ரூபாய். மொத்தம் 12,300. வேலை முடிந்த பின் 35 கிலோக் கிடாயை, முற்றிய ஆடு என்று விலை குறைத்துக் கிலோ 300 வீதம் விற்றாலும் 10,500 வந்துவிடும். ஆக நிகரச் செலவு 1,800 ரூபாய். ஆதாயம் 15,750 ரூபாய். வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்கூட இதைவிட நல்ல கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அந்த 15,750 ரூபாய் யாருக்கு வருகிறது? இங்கேதான் அந்த அம்மாளின் பதில் இருக்கிறது. முப்பது பெட்டைகள் பத்து வீட்டுக்குச் சொந்தம். ஆதாயம் பத்து வீட்டுக்கும் பிரிந்து போகும். மந்தை ஒன்றாய் மேய்கிற ஊரில் கிடாய் யாருடையது என்று பார்த்துப் பெட்டை விலகி நிற்பதில்லை. ஏழு பெட்டை வைத்திருப்பவருக்குக் கிடைப்பது அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் இரண்டு மூன்று வருஷம் கழித்து. செலவும் அபாயமும் மட்டும் முழுவதும் அவருடையவை. இப்படிப்பட்ட காரியத்தைத் தனி ஒருவர் தலையில் வைத்துவிட்டு, "குடியானவன் அறிவீனன், சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்ளமாட்டான்" என்று அறிக்கை எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. பலருக்குப் பயன் தருவதைப் பலர் சேர்ந்து வாங்க வேண்டும். கூட்டுறவு சங்கம் என்று ஒன்றை நாம் வைத்திருப்பது உரக்கடனுக்கும் நகைக்கடனுக்கும் மட்டும் அன்று.

ஆகவே என் யோசனை எளியது. வியாபாரி கொடுக்கும் விலையை அதே நாளில் அதே ரொக்கமாகச் சங்கம் கொடுத்து, ஊரில் பிறந்த மிகச் சிறந்த கிடாய்க்குட்டியை ஊரிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் காரியம் நடவாது. "சங்கத்துக்காக விட்டுக்கொடுங்கள்" என்று பேசுவதும் வேண்டாம். ஏழையிடம் தர்மம் கேட்பது நமக்கு அழகன்று.

நான் சொன்ன சங்கத்தார் அவ்வாறே அந்த அம்மாளின் குட்டியையும் வேறொருவருடைய குட்டி ஒன்றையும் வாங்கினார்கள். அதில் நடந்த ஒரு விபரீதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்கிடாய் என்றபடியால் இரண்டாவது கிடாய்க்குத் தனிப் பொறுப்பாளி வைக்கவில்லை. பொங்கலன்று ஒவ்வொரு வீட்டாரும் அன்பின் மிகுதியால் அதற்குப் பொங்கலும் அரிசியும் ஊட்டினார்கள். ஆட்டின் இரைப்பையில் ஒரேயடியாகத் தானியம் விழுந்தால் புளித்துப்போய் ஆளையே சாய்த்துவிடும். மறுநாள் காலையில் வயிறு உப்பிக் கிடந்தது. வைத்தியர் வருமுன் உயிர் போயிற்று. எல்லோரும் சொந்தம் கொண்டாடியதால் இறந்த கிடாய் அது. அதன்பின் அச்சங்கத்தார் ஒரே ஓர் அங்கத்தினரிடம் கிடாயை ஒப்படைத்து, பெட்டை ஒன்றுக்கு 20 ரூபாய் வீதம் அவருக்குக் கூலி வைத்து, அவர் அனுமதியின்றி யாரும் ஒரு பிடி இலைகூடக் கொடுக்கக்கூடாதென்று தீர்மானம் எழுதினார்கள். முதல் கிடாய் நன்றாக இருந்து தன் வேலையை முடித்தது.

இனிக் குட்டியைத் தேர்ந்தெடுக்கும் விதம். இதில்தான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். சந்தையில் கண்ணால் பார்த்துக் கொழுத்ததை எடுப்பது வேறு, விதைக்கு எடுப்பது வேறு. முதலாவது, ஒரே பருவத்தில் பிறந்தவற்றையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மழைக்குப் பின் பச்சை மேய்ச்சல் காலத்தில் பிறந்த குட்டி இயல்பாகவே பெருத்திருக்கும். மாசி பங்குனியில் பிறந்தது வாடியிருக்கும். இரண்டாவது, இரட்டையில் ஒன்றாய்ப் பிறந்த குட்டி ஒற்றைக் குட்டியைவிடச் சிறியதாகத்தான் தோன்றும். ஏனெனில் ஒரு மடியின் பாலை இரண்டு குடித்தன. அதைச் சிறிது என்று தள்ளினால், இரட்டை ஈனும் தாயின் வம்சத்தையே தள்ளினவர்கள் ஆவோம். ஒற்றைக் குட்டிக்கு ஏறத்தாழ நிகராக நிற்கும் இரட்டைக் குட்டியைக் கண்டால் அதையே எடுக்க வேண்டும். மூன்றாவது, தாயைப் பார்க்க வேண்டும். தவறாமல் சினைப்பட்டு, ஈன்ற குட்டியைச் சாகவிடாமல் வளர்த்த தாயா என்பதை ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் சொல்வார். அவர் ஞாபகத்தில் இல்லாத ஆடு கிடையாது. பிறகு கால் நேராக இருக்கிறதா, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகின்றனவா, விதை இரண்டும் இறங்கிச் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒற்றை விதைக் கிடாயை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்கக்கூடாது. இரண்டு பல் போடும் வரையில் அதை மந்தையில் முழு வேலைக்கு விடவும் கூடாது.

இவ்வளவும் ஞாபகத்தால் ஆகாது. மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் எடை போட்டு நோட்டுப் புஸ்தகத்தில் எழுத வேண்டும். காதில் எண் வில்லை இருந்தால் நல்லது. எழுதுவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை; பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிவிடும்.

அடுத்தது காயடிப்பு. இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நல்ல கிடாயை விலை கொடுத்து வாங்கி மந்தையில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரின் வற்றல் கிடாயையும் கூடவே திரியவிட்டால், வாங்கிய பணம் வீண். ஆகையால் தேர்ந்தெடுக்கப்படாத கிடாய்க்குட்டிகளை இரண்டு மூன்று மாத வயதிலேயே கால்நடை ஆஸ்பத்திரியில் கருவியால் காயடித்துவிட வேண்டும். "காயடித்ததைச் சாமி ஏற்காது" என்பார்கள். சரி, சாமிக்கு நேர்ந்த கிடாயைக் காயடிக்க வேண்டாம். மந்தையோடு விடாமல் வீட்டில் கட்டி வளருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். குலதெய்வத்துக்கென்று நம் பெரியவர்கள் குட்டியிலேயே குறித்துவிடுவது பட்டியின் வற்றலையன்று, முதல்தரமான கிடாயைத்தான். அது விற்பனைக்கு இல்லை என்பதால் ஒன்றிரண்டு வருஷம் மந்தையிலேயே திரிந்தது. வியாபாரி கை படாமல் நல்ல கிடாய் ஊரில் தங்குவதற்கு அக்காலத்தில் அதுவும் ஒரு வழியாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

கிடாயை இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே ஊரில் வைக்கலாகாது. அதற்குள் அதன் பெண்குட்டிகள் பருவத்துக்கு வந்துவிடும். தகப்பனோடு மகள் சேர்ந்தால் குட்டி சவலையாகும், சாவும் கூடும். பக்கத்துப் பக்கத்துச் சங்கங்கள் மூன்று சேர்ந்து வட்டமாக மாற்றிக்கொண்டால் விற்காமலே புது ரத்தம் கிடைக்கும். செம்மறியானாலும் வெள்ளாடானாலும் 25 அல்லது 30 பெட்டைக்கு ஒரு கிடாய் என்பதே அளவு. 300 பெட்டை உள்ள ஊருக்குப் பத்துக் கிடாய் வேண்டும். முதல் வருஷம் இரண்டோடு தொடங்கினால் போதும்.

வெளியினத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று சிலர் காத்திருப்பதை அறிவேன். வெளியினம் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டில் மெரினோ முதலிய சீமை ஆடுகளை நம் கோயமுத்தூர் ஆட்டோடு கலந்து உண்டானதுதான் நீலகிரி ஆடு; குளிர் தேசத்து ஆட்டைக் குளிர்ந்த மலையில் வைத்தார்கள், கம்பளி கிடைத்தது. அதே சீமையின் டார்செட், சபோக் கிடாய்களை 1970-களில் பலமநேரியில் நெல்லூர், மாண்டியா ஆடுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு மேம்பாடு கிட்டவில்லை. பின்னர் 1990-இல் தொடங்கிய அகில இந்தியத் திட்டத்தில் நாட்டு இனங்களுக்குள்ளேயே நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது என்ற வழிக்குத் திரும்பினார்கள். அதன்படி காட்டுப்பாக்கத்தை மையமாக வைத்துச் சென்னைச் சிவப்புக் கிடாய்களைக் குடியானவர்களின் மந்தைகளிலேயே விட்டு, அங்கேயே குட்டிகளை எடை போட்டு வந்திருக்கிறார்கள். நான் உங்களுக்குச் சொல்லும் யோசனை அதனின்றும் வெகுதூரம் விலகியதன்று.

வெள்ளாட்டில் ஜமுனாபாரியும் போயரும் நம் சந்தைகளில் பேச்சாக இருக்கின்றன. ஜமுனாபாரி, யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட எட்டாவா பள்ளத்தாக்கில் செடி கொடி தழைகளை நிமிர்ந்து கடித்து வளர்ந்த நெட்டை ஆடு. போயர் தென்னாப்பிரிக்காவில் இறைச்சிக்கென்று பொறுக்கி வளர்த்த கனத்த ஆடு. கொட்டகையில் வைத்து, தீவனப்பயிர் போட்டு, வைத்தியர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வசதியுள்ளவர்கள் இவற்றை வைத்து லாபம் காணலாம். ஆனால் காலையில் எட்டு மைல் நடந்து, கருவேலங்காயும் காய்ந்த புல்லும் தின்று, இரவில் பிறர் வயலில் கிடை கிடக்கும் ஆட்டுக்குப் பதிலாக இதை ஓட்டிப்போக முடியாது. நம் சிறிய கன்னிப் பெட்டைக்குக் கனத்த போயர்க் கிடாயைச் சேர்த்தால் குட்டி பெருத்து ஈற்றுக்குக் கஷ்டமாகிப் பெட்டையையே இழக்கவும் நேரும். நடுத்தரமாக வேண்டுமென்றால் தலைச்சேரி ஆடு உண்டு, இரட்டை ஈனும், பாலும் சுமாராக உண்டு, கொட்டகைக்குப் பழகும்.

ஒரு சங்கத்தில் பத்து அங்கத்தினர்களுக்குக் கடன் கொடுத்து, வெளி மாகாணத்துச் சந்தையில் நெடுங்காது ஆடுகளைத் தரகர் மூலம் வாங்கி வந்தார்கள். வந்த இரண்டாம் வாரத்தில் மூக்கும் கண்ணும் ஒழுகிக் கழிச்சல் கண்டது. ஆட்டுக்கொல்லி நோய் என்றார் வைத்தியர். புது ஆடுகளில் பாதி போயின. அவற்றோடு சேர்த்துக் கட்டிய நாட்டாடுகளும் போயின. ஆடு போய்விட்டது, கடன் மட்டும் இன்றும் பேரேட்டில் நிற்கிறது. அவ்வூரார் ஜாதி ஆடு என்ற வார்த்தையையே கேட்க மறுக்கிறார்கள்; அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஆடு வந்தாலும், அயலூர்ச் சங்கத்துக் கிடாயானாலும், முதலில் மூன்று நான்கு வாரம் தனியே கட்டி, ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் ஊசி போட்ட பிறகே பட்டியில் சேர்க்க வேண்டும். இதை மட்டும் செய்திருந்தால் அந்நஷ்டத்தில் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

தூரதேசத்துச் சரக்கின் மேல் நமக்குள்ள மோகத்துக்கு ஒரு விசித்திரமான கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் பூருலா என்னும் மெரினோ மந்தை ஒன்று அடிக்கடி இரட்டையும் மூன்றும் ஈனுவதாகப் பேர் பெற்றது. அதன் காரணத்தை ஆராய்ந்தவர்கள், அந்தக் குணத்தைக் கொடுக்கும் மரபணுவை 2001-இல் கண்டுபிடித்தார்கள். மறு வருஷம் பார்த்தால், அதே மரபணு வங்காளத்துச் சுந்தரவனத்தில் சேற்றில் மேயும் கரோல் என்னும் குள்ளச் செம்மறியிடமும் இருந்தது. 1792, 1793-ஆம் வருஷங்களில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சிட்னிக்குப் போன வங்காள ஆடுகளின் ரத்தமே அது என்று கருதுகிறார்கள். நம் தேசத்து ஆட்டின் சொத்து சீமை மெரினோவின் பெயரால் புகழ் பெற்றிருந்தது! மகாராஷ்டிரத்தில் பல்டண் என்ற ஊரிலுள்ள நிம்ப்கர் ஆராய்ச்சிக் கழகத்தார், அந்தக் குணத்தைக் கரோலிடமிருந்து தக்காணி ஆட்டில் ஏற்றி, ஒற்றைக்குப் பதில் பலமுறை இரட்டை ஈனும் ஆட்டை உண்டாக்கித் தங்கர் ஜாதி ஆட்டிடையர்களின் மந்தைகளில் விட்டார்கள். அங்கேயும் கவனிக்க வேண்டியது ஒன்று. தக்காணியின் உடலையும் நடையையும் அவர்கள் மாற்றிவிடவில்லை. இரட்டை ஈனும் குணம் ஒன்றை மட்டும் சேர்த்தார்கள். அதற்கும் தாய்க்குச் சினையின் கடைசி மாதத்திலும் பால் காலத்திலும் மேல்தீனி வேண்டும். தீனியில்லாத வீட்டில் இரட்டைக் குட்டி சந்தோஷம் தராது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உங்கள் சங்கத்து நிர்வாகக் கமிட்டியார், முதலில் இரண்டு கிடாய்களுக்கு வேண்டிய தொகையை ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார்கள். அத்தீர்மானத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்: விலை அன்றைய சந்தை விலைக்குக் குறையாமல் ரொக்கமாகத் தரப்பட வேண்டும்; கிடாய் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்; கிடாய்க்கு இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். குட்டியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் கமிட்டியார் மட்டும் போதாது; ஆடு மேய்க்கிறவர் ஒருவரும், கட்டாயமாகப் பெண் அங்கத்தினர் ஒருவரும் இருக்க வேண்டும். பட்டியில் எந்த ஆடு எப்போது ஈன்றது, எந்தக் குட்டி பால் குடிக்காமல் நின்றது என்பது அவர்களுக்கே தெரியும்.

தொங்கு தராசும் குட்டியைத் தூக்கிக் கட்டும் சாக்குத் தொட்டிலும் சங்க ஆபீசில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் இடைப்பட்ட கிடாய்க்குட்டி வைத்திருப்பவர்கள் யாவரும் அடுத்த சந்தை நாளுக்கு முந்திய தினம் காலையில், குட்டி மேய்ச்சலுக்குப் போகுமுன், தாயாட்டோடு கூட ஓட்டிவர வேண்டும். தாயைக் கொண்டுவராத குட்டியை எழுதிக்கொள்ளமாட்டார்கள். கால்நடை வைத்தியர் அவர்களும் அன்று வருவதாக வாக்களித்திருக்கிறார். சந்தேகங்கள் இருந்தால் இப்போதே கேட்கலாம். கடன் தவணையைப் பற்றிய கேள்விகளைக் கூட்டம் முடிந்த பிறகு தனியே வைத்துக்கொள்வோம்.